இரண்டு வாளியும் ஒரு காரும்

எங்கட வீட்டில் ஒரு கிழமைக்குள் கழுவப்படுகிறவற்றை வரிசையாகச் சொல்லலாம். சட்டி பானை, கோப்பைகள், உடுப்பு, சாமி விளக்கு, குசினி நிலம், கிணத்தடி, கக்கூசு, கடைசியாகக் கார். இந்த வரிசையில் காரைத் தவிர மற்ற எல்லாம் பெண்கள் கழுவுகிறவை. காரை மட்டும் ஆம்பிளையள் கழுவுவினம். அதுவும் சும்மா கழுவமாட்டினம். ஞாயிற்றுக்கிழமை காலமை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, றேடியோவைப் போட்டு, கேற்றைத் திறந்து வைத்து, றோட்டால் போகிறவர்களோடு கதைத்துக் கதைத்துக் கழுவுவினம். சட்டி கழுவுகிற அம்மாவை ஒருத்தரும் நின்று பார்ப்பதில்லை. கார் கழுவுகிற அப்பாவைப் பார்த்து, சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று, “என்ன அண்ணை, கண்ணாடி மாதிரி மினுங்குது” என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் என்று வருவது ஒரு வீட்டின் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம். இளையவள் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். வீடு உரும்பிராய்ப் பக்கம். 2023 இல் அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு வந்தது. குனிந்து வாளி தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை எங்கள் கைக்கு வந்தது. வேலைதான் வந்தது, றேடியோவும் திறந்த கேற்றும் வரவில்லை. “கேற்றைச் சாத்திப்போட்டுக் கழுவுங்கோ” என்று அம்மா முதல்நாளே சொல்லிவிட்டா.

கார் ஒரு கொரொல்லா 110. 1998 ஆம் ஆண்டு செய்தது, கடும் நீலம். அப்பா 2014 இல் வாங்கி ஹயருக்கு ஓடுகிறார். கலியாண வீடு, பலாலி விமான நிலையம், நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவது, நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைச் சொந்தக்கார வீடெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவது. அந்தக் கார் ஓடினால்தான் எங்கட வீடு ஓடும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கார் என்பது காணித்துண்டு மாதிரி ஆகிவிட்டது. 2022 இல் கியூ.ஆர். முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று அளந்து தந்த நாள்களில் எங்கட கார் ஓடினதைவிட நின்றதுதான் கூட. நின்றாலும் விலை ஏறிக்கொண்டு இருந்தது. அப்படியான ஒரு பொருளின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அழகு சம்பந்தப்பட்ட விசயம் மட்டும் இல்லை. கலியாண ஹயருக்குப் பேச வருகிறவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை. பொனற்றைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார், ‘பொம்பிளை மாப்பிள்ளை இதில இறங்கினால் படம் எப்படி வரும்’ என்று மனதுக்குள் பார்க்கிறார். சேர்விஸ் ஸ்டேசனில் வெளிப்பக்கம் மட்டும் கழுவ ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. கிழமைக்குக் கிழமை அது கட்டாது. ஆகவே வீட்டில் கழுவ வேணும்.

எங்கட ஊரில் காரில் பிடிக்கிற ஊத்தையை நாங்கள் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதலாவது செம்பாட்டு மண். வலிகாமத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வெள்ளைச் சட்டையைப் பத்து நிமிசத்தில் தேத்தண்ணி நிறமாக்கும் மண் அது. தூள் மாதிரித் தெரிந்தாலும் விரலிடுக்கில் வைத்து உரசினால் நறநறக்கும். இரண்டாவது உப்பு. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் இரண்டு பக்கக் கடலும் காரில் ஏறிக்கொண்டு வரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கல்லுப்பட்டு பெயின்ற் போன இடத்தில், கதவின் கீழ்விளிம்பில், அங்கேதான் கறள் தொடங்கும். மூன்றாவது காகமும் வௌவாலும் போடுகிறது. வெயிலில் சூடான பெயின்ற்றில் அது ஒரு நாள் கிடந்தால் போதும், கழுவினாலும் அடையாளம் போகாது. நான்காவது மாமரத்தின் பால். ஐந்தாவதை ஊத்தை என்று ஒருவரும் நினைப்பதில்லை: எங்கட கிணற்றுத் தண்ணி. அதற்குப் பிறகு வருகிறோம்.

அப்பாவின் முறை இப்படி: ஒரு வாளி, அதில் ஒரு பிடி சவர்க்காரத் தூள், பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டு. நுரை கிளம்ப வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். பிறகு ஹோஸால் அடிப்பார். கடைசியில் அதே சாரத்தைப் பிழிந்து துடைப்பார். கார் மினுங்கும். ஆனால் பத்து மணி வெயிலில் பொனற்றைச் சாய்வாகப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்திவலை பின்னின மாதிரி ஆயிரம் கீறல் தெரியும். இளையவள்தான் அதை முதலில் கண்டாள். வெளிநாட்டுக்காரர் போடுகிற வீடியோக்களைப் பார்த்து, அது ஏன் வருகிறது என்று தேடினதும் அவள்தான்.

விளக்கம் லேசானது. அந்த நாளைய கார்களில் நிறமும் மேற்பூச்சும் ஒன்றே. அப்பப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்ததாம். அதற்குப் பொலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே பிடிக்கும் என்று அப்பா சொல்லுவார். எங்கட கொரொல்லாவில் அப்படி இல்லை. நீலத்துக்கு மேல் நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். மினுக்கம் எல்லாம் அதில்தான். அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். ஒரு தலைமயிர் சராசரியாக 70 மைக்ரோன் வரும். மயிரிழையிலும் மெல்லிய ஒன்றின் மேல்தான் செம்பாட்டு மண்ணையும் சாரத்தையும் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கிறோம். சாரத்துணி தட்டையானது, மண்ணை உள்ளுக்குள் வாங்காது. மண் துணிக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் நின்று அரைக்கும். சவர்க்காரத் தூள் காரத் தன்மையானது, போட்டிருக்கிற மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும்.

இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. “உது என்ன, காருக்கு வைத்தியமோ? நான் இவ்வளவு காலமும் உப்பிடித்தான் கழுவினனான்” என்றார். அவருக்கு அந்த நுரை ஏன் அவ்வளவு பெரிய விசயம் என்று பிறகு அம்மாவோடு கதைக்கும்போதுதான் விளங்கியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராமல் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை, சவர்க்காரமும் தட்டுப்பாடு. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த கதையை அம்மா இப்பவும் சொல்லுவா. ஒஸ்ரினைத் துளிப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படி வளர்ந்த ஒருவருக்கு ஒரு வாளி நிறைய நுரை என்பது வசதி வந்ததன் அடையாளம். ‘அப்பாவுக்குத் தெரியாது’ என்று நாங்கள் சொல்ல நினைத்த வாக்கியம் அதற்குப் பிறகு எங்கள் வாயில் வரவில்லை. அவருக்குத் தெரிந்தது வேறொரு காலத்தின் கழுவல்.

ஆனாலும் முறையை மாற்றினோம். வாசிக்கிறவர்களில் யாருக்கும் உதவலாம் என்பதால் விபரமாக எழுதுகிறோம்.

வெயில் ஏற முன்னம், ஆறு மணிக்கே தொடங்க வேணும். பொனற்றில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் தண்ணி. சூட்டில் கழுவினால் சவர்க்காரம் துடைக்க முன்னம் காய்ந்து படிந்துவிடும். முதலில் ரயரும் றிம்மும். அதற்கென்று ஒரு பழைய வாளி, ஒரு பழைய துணி. அந்தத் துணி காரின் வேறு இடத்தில் படக்கூடாது. பிறேக்கில் இருந்து வருகிற கறுப்புத் தூளில் இரும்புத் துகள் இருக்கும்.

பிறகு கை படாமல் கூரையிலிருந்து கீழே தண்ணி விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நாங்கள் நினைக்கிறோம். தொட முன்னமே போகக்கூடிய மண்ணெல்லாம் போகட்டும். தொட்டுக் கழுவுவது மிச்சத்தை மட்டும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ ஒரு மூடி. மற்றதில் வெறும் தண்ணி. மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதி கழுவுவது, வெறும் தண்ணியில் அலசுவது, திரும்ப ஷாம்பூ. வெளிநாட்டில் அலசுகிற வாளிக்குள் போடுவதற்கென்று ஓட்டையுள்ள ஒரு தட்டு விற்கிறார்கள். மண் அதற்குக் கீழே போய்ப் படிந்தால் திரும்ப மேலே கிளம்பாது. எங்களிடம் அது இல்லை. அம்மாவின் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டோம். அளவு வெட்டினமாதிரிப் பொருந்தியது. அம்மா ஒரு கிழமை ஏசினா. இப்போது அந்தத் தட்டு காருக்குச் சொந்தம்.

தேய்ப்பது நேர்கோட்டில், அழுத்தாமல். கூரை, கண்ணாடி, பொனற், டிக்கி, கதவின் மேற்பாதி, ஆகக் கடைசியாகக் கதவின் கீழும் பம்பரும். மண் கூடப் பிடிக்கிறது கீழேதான், அதைத் தொட்ட துணி மேலே போகக்கூடாது. துணி கை தவறி நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

முதல்நாள் இப்படிக் கழுவி முடித்ததும் அலசின வாளியின் தண்ணியை மெல்ல ஊற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டோம். இடியப்பத் தட்டுக்குக் கீழே ஒரு தேக்கரண்டிக்குக் குறையாத செம்மண். “ஒரு வாளியெண்டால் இதைத் திரும்பக் காரில தேய்ச்சிருப்பம் அப்பா” என்றோம். அவர் குனிய முடியாததால் வாளியை உயர்த்திக் காட்டினோம். விரலை விட்டு மண்ணை எடுத்து உரசிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ரவுணுக்குப் போனவர் புது வாளி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இனித் தண்ணி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை; வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். மழைத்தண்ணி கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்துக்குள் நிற்கிறது, அதைத்தான் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். அந்தத் தண்ணியில் கரைந்திருக்கிற கல்சியம்தான் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. காரிலும் அதே கதை. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் தண்ணி போய்விடும், வெள்ளைப் பொட்டு மிஞ்சும். கடும் நீலத்தில் அது தேமல் மாதிரித் தெரியும். பழைய பொட்டுகளுக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து நிழலில் துணியால் ஒற்றி, ஒரு நிமிசத்துக்குள் நல்ல தண்ணி விட்டுக் கழுவினோம். புதிதாக வராமல் இருக்க ஒரே வழி உடனே துடைப்பது. பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் போதும். மாரி தொடங்கினால் இன்னும் நல்லது. பீலிக்குக் கீழே பீப்பா வைத்து மழைத்தண்ணி பிடித்து, கடைசி அலசல் அதில் செய்கிறோம். வானத்தில் இருந்து வருகிற தண்ணியில் சுண்ணாம்பு இல்லை, பொட்டும் வராது.

எவ்வளவு தண்ணி என்பதையும் எண்ணிப் பார்த்தோம். எங்கட ஹோஸில் 15 லீற்றர் வாளி ஒரு நிமிசத்தில் நிரம்பும். அப்பாவின் காலத்தில் ஹோஸ் இருபது நிமிசமாவது ஓடும். அது 300 லீற்றர். இப்போது ரயர் வாளியும் சேர்த்து ஆறு வாளி, 90 லீற்றர். கோடையில் கிணறு கீழே போகிற மாதங்களில் கழுவுவதை இரண்டு கிழமைக்கு ஒருக்காலாக்கி, இடையில் காகம் போட்டதை மட்டும் நனைத்து எடுக்கிறோம்.

கழுவின தண்ணி எங்கே போகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சுண்ணாம்புக்கல்லில் மேலே ஊற்றியது கீழே போகும், கீழே போனது கிணற்றுக்கு வரும். சுன்னாகம் எங்களுக்குத் தூரம் இல்லை. மின்நிலையக் கழிவெண்ணெய் அங்குள்ள கிணறுகளுக்குள் இறங்கின விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கட ஒரு மூடி ஷாம்பூவை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் மண்ணுக்குள் கணக்கு ஒன்றுதான். ஆகவே கிணற்றில் இருந்து ஆகத் தள்ளி, கேற்றடியில் வைத்துத்தான் கழுவுகிறோம். எஞ்சினும் அடிப்பக்கக் கிறீஸும் வீட்டில் கழுவுவதில்லை. அதற்கு எண்ணெய் பிரிக்கிற குழி இருக்கிற இடத்துக்குத்தான் கார் போகும்.

கேற்றடியில் கழுவத் தொடங்கியதும் கேற்றைச் சாத்துகிற கதை முடிந்துவிட்டது. காரின் மூக்கு றோட்டில் நிற்கும்போது எதைச் சாத்துவது? போகிறவர்கள் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சொன்ன ‘கண்ணாடி மாதிரி’ எங்களுக்குக் கிடைக்கவில்லை. “கொப்பருக்கு இப்பவும் ஏலாதோ?” என்று கேட்டார்கள். “பொம்பிளைப் பிள்ளையள் பாவம்” என்றார்கள். ஒரு ஆச்சி நின்று, “ஒரு பெடியன் இருந்திருந்தால்” என்று தொடங்கி முடிக்காமல் போனா. அதே ஆச்சி நாங்கள் கிணத்தடியில் இரண்டு வாளி உடுப்புத் தோய்ப்பதைப் பத்து வருசமாகப் பார்க்கிறா, ஒருநாளும் பாவப்படவில்லை.

1972 இல் இத்தாலியின் பாதுவா நகரில் தொடங்கிய ‘வீட்டு வேலைக்குச் சம்பளம்’ இயக்கத்தைப் பற்றிக் கம்பஸில் படித்தோம். வீட்டில் பெண்கள் செய்கிற வேலை வேலையாகவே கணக்கில் வராமல் போவதைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். எங்கட முற்றத்தில் அதற்கு ஒரு சின்னச் சேர்க்கை இருக்கிறது. ஆம்பிளை செய்தபோது கார் கழுவுவது பொழுதுபோக்கு, கெட்டித்தனம், வாகனத்தில் உள்ள விருப்பம். பெண்பிள்ளை செய்யத் தொடங்கினதும் அது பாவப்பட வேண்டிய வேலை. வாளியும் தண்ணியும் அதேதான்.

இதற்கிடையில் நாங்கள் காரைப் படித்துக்கொண்டு இருந்தோம். கழுவினபிறகு மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டு பெயின்ற்றைத் தடவினால், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு எல்லாம் தெரியும். அப்படித் தடவித்தான் கூரையில் பிடித்திருந்த பிசினைக் கண்டோம். கலியாண ஹயர் முடிந்து வரும்போது பூவும் ரிபனும் ஒட்டின ரேப்பின் பசை பொனற்றில் இருக்கும். சுரண்டாமல், தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டால் உருண்டு வரும். சரஸ்வதி பூசைக்கு அம்மா வைக்கிற சந்தனமும் குங்குமமும் காய முன்னம் எடுக்க வேணும், குங்குமம் கறை பிடிக்கும். சிலந்திவலைக் கீறலுக்குக் கொம்பவுண்ட் போட்டுத் தேய்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். கீறல் மறைவது அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட் தேய்ந்து கீறலின் ஆழத்துக்கு வருவதால்தான். ஒவ்வொரு தரமும் இருக்கிற 40, 50 மைக்ரோனில் இருந்துதான் செலவு. அதனால் பொனற்றுக்கு மட்டும், ஒரேயொரு தரம், கையால் போட்டோம். மற்ற இடத்துக்கு மெழுகு. மெழுகு கீறலை எடுக்காது, ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு உப்பும் எச்சமும் நேரே பெயின்ற்றில் படாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணி மணிமணியாய் உருளாமல் பரந்து நிற்கத் தொடங்கினால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம்.

இப்படித்தான் பின்பக்க இடது கதவையும் கண்டோம். மற்றக் கதவுகளில் பெயின்ற்றின் மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும். அந்தக் கதவில் மட்டும் கிட்டப்போய்ப் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரி மெல்லிய புள்ளி. கண்ணாடி ரப்பரின் விளிம்பில் நீலம் தெளித்திருந்தது. பொழுதுபடுகிற வெளிச்சத்தில் நிறம் ஒரு சாயல் வேறு. அப்பா வாங்க முன்னமே யாரோ அந்தக் கதவைத் தட்டித் திரும்பப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொன்னோம். “விசர்க்கதை கதையாதையுங்கோ, நான் பார்த்துத்தானே வாங்கினனான்” என்றார். நாங்கள் விட்டுவிட்டோம்.

2025 இல் இறக்குமதி திறந்ததும் ‘இப்ப வித்தால்தான் விலை’ என்று ஆக்கள் சொல்லத் தொடங்கினார்கள். அப்பாவின் நாரியும் நீண்ட ஓட்டத்துக்கு ஒத்துவரவில்லை. வைகாசியில் ஒருநாள் வவுனியாவில் இருந்து ஒருவர் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். எஞ்சினைப் பார்த்தார்கள், அடியில் பார்த்தார்கள், ஓடிப் பார்த்தார்கள். அதெல்லாவற்றுக்கும் அப்பா பதில் சொன்னார். பிறகு வந்தவர், “பெயின்ற் எல்லாம் ஒறிஜினலோ அண்ணை?” என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடினார். திரும்பி, தேத்தண்ணித் தட்டோடு நின்ற எங்களைப் பார்த்து, “பிள்ளையள், இஞ்ச வாங்கோ. இவருக்குச் சொல்லுங்கோ” என்றார்.

என்ன சொல்லச் சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஓம் என்று சொன்னால் முழு விலை. அம்மா கதவு நிலையில் நின்று கண்ணால் ஏதோ சொன்னா. அந்தக் காசில்தான் இளையவளின் அடுத்த படிப்பு இருக்கிறது என்றும் எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பின்கதவைக் காட்டினாள். இது திரும்ப அடித்தது, மற்றதெல்லாம் கொம்பனிப் பெயின்ற், பொனற்றில் ஒருதரம் கையால் கொம்பவுண்ட் போட்டிருக்கு, இன்ன இடத்தில் கல்லுப்பட்ட பொட்டு மூன்று இருக்கு, அதில் கறள் வராமல் தொட்டு வைத்திருக்கு. மெக்கானிக் ரப்பரை விலக்கிப் பார்த்துத் தலையாட்டினார். வந்தவர் ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார். பிறகு, “மற்றதெல்லாம் இவை சொன்னமாதிரியே இருக்கும் எண்டு நம்புறன்” என்றும் சொன்னார். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

“வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்” என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்தா. அவ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றரை லட்சம் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. இரவு சாப்பாட்டில் அப்பா புட்டைக் குழைத்தபடியே சொன்னார்: “பின்கதவு விசயம் சரிதான். பதினொரு வருசமா ஓட்டுறன். நான் காணேல்லை.”

ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது றோட்டு. சத்தம், நடுக்கம், கியரின் இழுவை எல்லாம் அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கழுவுகிறவைக்கு வேறொன்று தெரியும். ஒவ்வொரு கிழமையும் ஒரு பொருளின் முழு மேற்பரப்பையும் கையால் தொட்டு வந்தால், அது எங்கே அடிபட்டது, எங்கே மறைத்துப் பூசப்பட்டது, எங்கே உக்கத் தொடங்குகிறது என்று தெரியவரும். சட்டி கழுவுகிற அம்மாவுக்கு எந்தச் சட்டி வெடிக்கப் போகிறது என்று தெரிகிற மாதிரி. உடுப்புத் தோய்க்கிறவைக்கு வீட்டில் யாருடைய உடம்பு மெலிகிறது என்று தெரிகிற மாதிரி. இதை ஒருவரும் அறிவு என்று சொல்வதில்லை. விலை பேசுகிற இடத்துக்கு எங்களைக் கூப்பிட்ட அந்த ஒரு நிமிசத்தில் மட்டும் அது அறிவாக இருந்தது.

கார் இன்னும் விற்கப்படவில்லை. அந்த வருச நல்லூர் ஹயர்கள் முடியட்டும் என்றார், பிறகு கலியாண மாதம் வந்தது. நாரிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு ஓடுகிறார். எங்கள் இரண்டு பேரிடமும் லைசென்ஸ் இல்லை. கேட்டோம். “கழுவுறது வேற, றோட்டில விடுறது வேற” என்றார். அது உண்மைதான், ஆனால் அது இல்லை என்ற பதிலுக்குக் காரணம் ஆகாது என்று திரும்பவும் கேட்டோம். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிக்கோவில் இருந்து காரைக் கேற்றடிக்கு எடுப்பதும், கழுவி முடிய உள்ளே விடுவதும் நாங்கள்தான். முதலில் அப்பா பக்கத்துச் சீற்றில் இருந்து கைபிறேக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். இப்போது படியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பார்க்கிறார். போவது முப்பது அடி, வருவது முப்பது அடி. றிவேர்ஸில் மாமரத்தில் முட்டாமல் விடுவது லேசு இல்லை, பார்க்க விருப்பமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை வாருங்கோ. கேற்று திறந்துதான் இருக்கும்.